ஒரு செட்டுக்கு ஆறு

“இந்தம்மா கையில கொழந்த எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார் ராஜ்மோகன்.

பாஞ்சாலை விரலில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “கொழந்த இல்ல மொதலாளி. வாத்தியம்.”

“வாத்தியத்துக்குத் தல இருக்குது, வயிறு இருக்குது. இந்தம்மா அத மடியில போட்டுத் தாலாட்டுது.”

“படத்துல அப்படித்தான இருக்குது? நான் என்னா பண்ணுவேன்?”

மேசைமேல் நான்கு களிமண் உருவங்கள் நின்றன. தாய் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மகள் பல்வலி தாங்காமல் கன்னத்தைத் தோளில் சாய்த்திருந்தாள். தந்தை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், தலையில் ஜடாமுடி. ஓரத்தில் ஒரு பருத்த மனிதர் பெரிய பூசணிக்காயைக் கால்களுக்கு நடுவே இடுக்கி ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

ராஜ்மோகன் செல்போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் படத்தையும் பொம்மைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பாஞ்சாலைமேல் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவருடைய பட்டறைக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளையார், கிருஷ்ணர், செட்டியார் செட்டியாரம்மா, தசாவதாரம் எல்லாம் இங்கிருந்துதான் ஊர் ஊராகக் கொலுவுக்குப் போகின்றன. கொலு முடிந்துவிட்டால் அடுத்த ஆடி வரை சூளை கொட்டாவி விடும். பதினாலு பெண்கள் வேலை பார்க்கிற இடம். சூளை கொட்டாவி விட்டால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதைச் சொல்ல ராஜ்மோகனுக்கு ஒவ்வோர் ஆண்டும் வாய் வராது.

இந்த நிலையில்தான் பத்து நாளைக்கு முன்பு புதுச்சேரியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறவர்கள். பேசியவர் மேனேஜர் கோகுலகிருஷ்ணன். ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறவர்.

“சார், வாட்சப்புல ஒரு படம் போட்டிருக்கேன். எங்க ஹால்ல மாட்டியிருக்கிற படம். முந்நூறு வருஷத்துக்கு முந்தின பணக்காரக் குடும்பம், வீட்டுல உக்காந்து பாட்டு வாசிக்கிறாங்க. அதுல இருக்கிறதேதான் எங்க மேடத்துக்கு வேணும். பார்த்தவுடனே தெரியும்ல?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“அச்சு அசலா செஞ்சிடுங்க. ஒரு செட்டுக்கு ஆறு. உதடு மெல்லிசா இருக்கட்டும். வயிறு கொஞ்சம் உருண்டையா. கைப்பிடிதான் சார் ரொம்ப முக்கியம், மேடம் மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. சாம்பிளுக்கு ஒரு செட்டு. புடிச்சுதுன்னா மூணு ஹோட்டலுக்கும் சேர்த்து நூறு செட்டு. போட்டோ எல்லாம் அனுப்பாதீங்க, அவங்க கையில எடுத்துப் பார்த்தாதான் ஒத்துக்குவாங்க. மாசி மகம் முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்லயே வராங்க. வெச்சிடட்டுமா?”

வைத்துவிட்டார்.

ஆறு என்றதும் ராஜ்மோகன் எண்ணிப் பார்த்தார். படத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். தோள்வரை சுருள்முடி தொங்க, பெட்டி போன்ற ஒன்றில் விரல் வைத்திருக்கிற தந்தை, வயிறு பெருத்த தந்தி வாத்தியத்தோடு தாய், வயலினோடு மகள், ஆளுயர வயலினோடு ஒரு குண்டு மனிதர். பெரிதாக்கிப் பார்த்ததில் குண்டு மனிதரின் காலடியில் ஒரு நாயும், ஜன்னலோரம் ஒரு கிளியும் கிடைத்தன. ஆறு சரியாக வந்தபோது அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

“கிளிய நான் கண்ண மூடிக்கிட்டே செஞ்சிடுவேன்,” என்றாள் பாஞ்சாலை. “நாயும் பிரச்சின இல்ல. இந்த நாலு பேரு கைதான் எனக்குப் புடிபடல. பாக்காதத நான் எப்படிச் செய்யறது?”

“இருவது வருசமா கிருஷ்ணரு செய்யற. அவரப் பாத்தியா?”

“அவரு கனவுல வருவாரு. இந்த வெள்ளக்காரன் வரமாட்டான்.”

கைப்பிடிதான் முக்கியம் என்று கோகுலகிருஷ்ணன் சொன்னது ராஜ்மோகன் காதில் ஒலித்தது. யோசித்தார். கனவில் வராதவர்களை நேரில் உட்கார்த்திக் காட்டுவது ஒன்றுதான் வழி.

மறுநாள் மாலை, பாஞ்சாலையை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, குடும்பத்தைக் கூடத்தில் கூட்டினார். மனைவி அன்புக்கரசி, கல்லூரியில் படிக்கிற மகள் தமிழினி, அன்புக்கரசியின் அண்ணன் சுப்புராயன். சுப்புராயன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டு மனிதருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் மாவட்டத்திலேயே கிடையாது.

தமிழினி போனில் தேடி வாசித்தாள். “அப்பா, இதுக்குப் பேரு பரோக் காலமாம்.”

“பரோலா? ஜெயில்லேருந்து வந்தவங்களா இவங்க?” என்றார் சுப்புராயன்.

“பரோக், மாமா. அப்பல்லாம் பெரிய பணக்காரங்க வூட்ல பாட்டுக்குன்னே தனி ரூம் இருக்குமாம். சாயங்காலம் ஆனா ஆளுக்கு ஒரு வாத்தியத்த எடுத்துக்கிட்டு உக்காந்துடுவாங்களாம். வாசிக்கத் தெரியலன்னா பொண்ணுக்கு மதிப்பே இல்லியாம்.”

“டிவி இல்லாத காலம். வேற என்னாதான் பண்ணுவாங்க, பாவம்,” என்றாள் அன்புக்கரசி. “சரி, அந்தம்மா உதடு மெல்லிசா இருக்கணும்னாங்களாமே. என் உதட்டுக்கு என்னா கொறச்சல்?”

“ஒண்ணும் இல்ல. வயிறு உருண்டையா இருக்கணும்னும் சொன்னாரு.”

சுப்புராயன் ராஜ்மோகனை ஏற இறங்கப் பார்த்தார். “மாப்ள, அந்த மேனேஜரு உங்கள எங்கியோ பாத்திருக்கான்.”

வாத்தியங்களுக்கு வீட்டில் இருந்ததைப் பயன்படுத்தினார்கள். அன்புக்கரசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தமிழினி மத்தைத் தோளில் சாய்த்துக் கரண்டியால் தேய்த்தாள். சுப்புராயன் கால்களுக்கு நடுவே தண்ணீர்க் குடம். ராஜ்மோகன் சாப்பாட்டு மேசைமேல் விரல்களைப் பரப்பி, மகளின் கறுப்புத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டார். பாஞ்சாலை ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள். பார்த்ததை அப்படியே மண்ணில் செய்தாள்.

இரண்டு நாள் கழித்து ராஜ்மோகன் பட்டறையில் அவற்றைப் பார்த்தபோது ஒரு குடும்பம் நெல் புடைத்துக்கொண்டும், மோர் கடைந்துகொண்டும், தண்ணீருக்குக் காத்துக்கொண்டும் இருந்தது. தந்தை சாப்பாடு இன்னும் வரவில்லையே என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மொறம் புடிச்ச கை மொறம் புடிச்ச கைதான் மொதலாளி,” என்றாள் பாஞ்சாலை. “கை பொய் சொல்லாது.”

அப்படித்தான் ராஜ்மோகன் பழமலைநாதனை வீட்டுக்கு அழைத்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருக்கிறவர். ஞாயிறு காலை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார், மாலையில் அம்மன் கோயில் கச்சேரிக்கு வயலின் வாசிப்பார். ஒல்லியான தேகம், பெரிய மீசை. வாடகைக்கு வயலின், கீபோர்டு, முதுகு உருண்ட பழைய மேண்டலின் மூன்றும் கொண்டுவந்தார். ஆளுயர வயலின் கடலூர் மாவட்டத்திலேயே இல்லை என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு தம்புராவையும் வண்டியில் கட்டிக் கொண்டுவந்தார்.

“சும்மா புடிச்சிக் காட்டினாப் போதும் சார்,” என்றார் ராஜ்மோகன். “வாசிக்க வேணாம்.”

“வாசிக்காம எப்படி சார் புடிக்கிறது?” என்றார் பழமலைநாதன். “நீச்சல் தெரியாதவன் தண்ணியில நிக்கற மாதிரி இருக்கும்.”

அது என்னவோ உண்மையாகத்தான் இருந்தது. தமிழினி வயலினைப் பிடித்த பிடியில் அது எந்நேரமும் குதித்து ஓடிவிடும் போலிருந்தது. கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுவிடுவதே நல்லது என்று ராஜ்மோகன் கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்.

“கைப்பிடிதான் சார் சரியா வர மாட்டேங்குது.”

“அய்யய்யோ, அதுதான் உயிரே! ஒரு விரல் தாராளமா உள்ள போகணும் சார். ரெண்டு விரல் போகக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு, மேடம் ஞாபகப்படுத்தச் சொன்னாங்க. ஷோகேசுல வெக்கிற அழகுச் சாமான் மாதிரி இருந்தா வேணவே வேணாமாம். தினம் புழங்குறதுன்னு பார்த்தாலே தெரியணுமாம். வெச்சிடட்டுமா?”

ராஜ்மோகன் விரல் கணக்கைச் சொன்னதும் பழமலைநாதன் தமிழினியின் இடது கையைப் பார்த்தார். வயலினின் கழுத்துக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவே தன் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“யாரு சார் இதச் சொன்னது?”

“ஹோட்டல் மேனேஜரு.”

“மேனேஜரா? பெரிய வித்வான் சார் அவரு! பதினஞ்சு வருசமா வாசிக்கிறேன், இவ்ளோ சுருக்கமா எனக்கே யாரும் சொல்லிக் குடுத்ததில்ல.”

அதோடு தீர்மானமாயிற்று. தினம் புழங்குகிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் தினம் புழங்கத்தான் வேண்டும். பழமலைநாதன் அந்தக் காலத்து நடன மெட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பதினாறே வரி. மூன்று மூன்று தட்டாகப் போகும். தினம் மாலை ஆறரைக்கு ஆரம்பித்துவிடுவது என்று ஏற்பாடு.

முதல் வாரம் தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் யாரோ பூனையைக் கதவிடுக்கில் நசுக்கிவிட்டார்கள் என்று ஓடிவந்தார். மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்த பெண்கள் எடுக்காமலே இறங்கினார்கள். நாய் பொம்மைக்காகப் பட்டறையிலிருந்து கூட்டி வந்திருந்த வாலு என்ற நாய், சுப்புராயன் தம்புராவைத் தப்பாக மீட்டும்போதெல்லாம் கூரையைப் பார்த்து ஊளையிட்டது. சரியாக மீட்டினால் படுத்துக்கொண்டது. பழமலைநாதன் இதைக் கவனித்துவிட்டு, தாம் இல்லாத நாட்களில் நாயைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

“முப்பது வருசம் செக்கருக்கே பயப்படாதவன்யா நானு,” என்று சுப்புராயன் புலம்பினார். “இந்த நாய்க்குப் பயப்பட வேண்டியதாப் போச்சு.”

சந்தேகம் வரும்போதெல்லாம் ராஜ்மோகன் போன் போட்டார். ஒருமுறை கோகுலகிருஷ்ணன் சொன்னார்: “தட்டினா கணீர்னு சத்தம் வரணும் சார். மேடம் விரலால தட்டிப் பார்ப்பாங்க. சொத்துன்னு கேட்டுச்சுன்னா அவ்ளோதான், எழுந்து போயிடுவாங்க.”

அன்றிலிருந்து ராஜ்மோகன் கீபோர்டை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தட்டினார். சாப்பிடும்போது தட்டினார். பைக் டேங்க்மேல் தட்டினார். பாங்கில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரின் முதுகில் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் வீட்டுக்குள் என்னவோ நடந்தது. ஆறரை மணிக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சீரியல் பார்க்கிற நேரத்தில் அன்புக்கரசி மேண்டலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தமிழினியின் போன் அடுப்படியில் மணிக்கணக்கில் அடித்து ஓய்ந்தது. வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த சுப்புராயன், இரண்டு வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து தங்கிவிட்டார். ஒருநாள் பதினாறு வரியையும் நான்கு பேரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்தார்கள். வாலு படுத்தபடி வாலை மட்டும் இரண்டு முறை ஆட்டியது.

“பணத்த வெச்சிக்கிட்டு அந்தக் காலத்துக்காரங்க என்னா பண்ணாங்கன்னு இப்பத்தான் புரியுது,” என்றார் ராஜ்மோகன் மெதுவாக.

“பேசாதீங்க. இன்னொருவாட்டி மொதல்லேருந்து,” என்றாள் அன்புக்கரசி.

இப்படி இருக்கும்போதுதான் கொளஞ்சியப்பன் வந்தார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பட்டறைக்கு லாரியில் மண் அடிப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதினாறு வரியையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“ஊர்ல பேசிக்கிட்டாங்க, நான் நம்பல. செட்டு சேத்திருக்கீங்களாமே?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல. இது ஒரு பொம்மைக்காக…”

“மறைக்காதீங்க. எம்பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கெழம வளைகாப்பு. நீங்கதான் வந்து வாசிக்கணும். முடியாதுன்னு சொல்லிடாதீங்க. இந்தக் கொளஞ்சி உங்களுக்கு எப்பவாச்சும் மண்ணு இல்லன்னு சொன்னது உண்டா?”

உண்மையில் சொன்னதில்லை. இனிச் சொல்லிவிடக் கூடாதே என்று ராஜ்மோகன் தலையாட்டினார்.

அவர் போனதும் தமிழினி அலறினாள். “அப்பா! நமக்கு ஒரு பாட்டுதான் தெரியும்!”

“அத மெதுவா ஒருவாட்டி, சுமாரா ஒருவாட்டி, வேகமா ஒருவாட்டி வாசிப்போம். மூணு பாட்டு ஆச்சுல்ல?” என்றார் சுப்புராயன். கண்டக்டர் மூளை.

வெள்ளிக்கிழமை காலை கம்மாபுரத்துப் பந்தலில் இருநூறு பேர். பட்டறையில் வேலை செய்கிற பெண்களும் பாஞ்சாலையோடு வந்திருந்தார்கள். பெண்ணை மணையில் உட்காரவைத்ததும் இவர்கள் மெதுவாக வாசித்தார்கள். மெதுவாக வாசித்தால் அந்த மெட்டு இவ்வளவு துக்கமாக இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் இருந்தவள் இறந்துபோன தன் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வளையல் போட வந்த நாத்தனார் ஓவென்று அழ, மணையில் இருந்த பெண்ணுக்கும் உதடு துடித்தது. கொளஞ்சியப்பன் எழுந்து நின்று இவர்களையே பார்த்தார். ராஜ்மோகனுக்குத் தன் பட்டறை மண்ணெல்லாம் காலடியில் நழுவுவதுபோல் இருந்தது.

“வேகமா, வேகமா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான்கு பேரும் ஒரே பாய்ச்சலாக வேகத்தைக் கூட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ கை தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. பாஞ்சாலைதான். கும்மிக்கு அந்த மூன்று தட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைப் பெண்கள் பதினாலு பேரும் எழுந்தார்கள். அழுதுகொண்டிருந்த நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வட்டத்தில் சேர்ந்தாள். முந்நூறு வருஷத்துக்கு முன்பு எந்த மாளிகையிலோ பட்டுச் சட்டை போட்டவர்கள் ஆடிய மெட்டுக்குக் கம்மாபுரமே குனிந்து நிமிர்ந்து கும்மி அடித்தது. இவர்கள் நிறுத்தப் பார்த்தபோது விடவில்லை. பதினோரு முறை வாசித்தார்கள். ராஜ்மோகன் ஒரு இடத்தில் தப்பாகத் தட்டினார்; சுப்புராயன் எல்லா இடத்திலும் தப்பாக மீட்டினார்; ஊளையிட நாய் அங்கே இல்லை.

வண்டியில் திரும்பி வரும்போது அன்புக்கரசி ராஜ்மோகனின் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் சாய்ந்தது, அப்புறம் இப்போதுதான்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போன ராஜ்மோகன் வாசலிலேயே நின்றுவிட்டார். வீட்டில் வாசிப்பதைப் பார்த்துப் பாஞ்சாலை செய்து, சூளைக்குப் போகத் தயாராகக் காய்ந்திருந்த ஆறு பொம்மைகளில் நான்கு மறுபடியும் மண்ணாகித் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. நாயும் கிளியும் மட்டும் தப்பித்திருந்தன.

“அக்கா! என்னா பண்ணிட்ட? மேடம் வர்றதுக்கு எட்டு நாள்தான் இருக்குது!”

“தெரியும் மொதலாளி. ஆனா அது நாலும் பயந்தவங்க மூஞ்சி. வாத்தியத்தப் புடிச்சிக்கிட்டு எப்ப முடியும்னு பாக்கறவங்க. நேத்து பந்தல்லதான் நீங்க வாசிச்சீங்க. நான் கிட்ட நின்னு பாத்தேன்.” பாஞ்சாலை மண்ணைக் கையில் எடுத்தாள். “நீங்க போயி வாசிச்சிக்கிட்டு இருங்க. நடுவுல வந்து நிக்காதீங்க.”

அவர் போகவில்லை, கீபோர்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அன்புக்கரசியும் தமிழினியும் சுப்புராயனும் வந்தார்கள். அச்சு எடுக்கவும் மண்ணை ஊற்றவும் காயவைக்கவும் ஓடிய அந்த நாட்களில் பட்டறை முழுக்க அந்தப் பதினாறு வரி ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டிங் செய்கிற பெண்கள் மூன்று தட்டுக்கு ஒருமுறை தூரிகையை நனைத்தார்கள். ஒரு நாள் ஈரம் காயாமல் களிமண் தம்புரா உடைந்தது. இன்னொரு நாள் தமிழினி பொம்மையின் வயலின் வில் வளைந்தது. ஒவ்வொன்றையும் பாஞ்சாலை திரும்பச் செய்தாள். சனிக்கிழமை மதியம் சூளையைத் திறந்தபோது எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

ஒன்று கூட விரிசல் விடவில்லை.

அன்புக்கரசி மேண்டலினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தமிழினி கண்ணை மூடியிருந்தாள். சுப்புராயனின் தம்புரா சற்றுக் கோணல், ஆனால் முகத்தில் ஒரு பெரிய வித்வானின் கர்வம். ராஜ்மோகனுக்கு ஜடாமுடி இல்லை, சொந்த வழுக்கை. வயிறு உருண்டை. சேலையும் வேட்டியும் கட்டிய அந்தக் குடும்பம், படத்தில் இருந்த குடும்பம்போலச் சற்றும் இல்லை. ஆனால் கை எல்லாம் அச்சு அசல்.

“படத்துல இருக்கறவங்க மாதிரி இல்லியே அக்கா,” என்றார் ராஜ்மோகன் பயந்துபோய்.

“இவங்கதான் வாசிக்கறாங்க,” என்றாள் பாஞ்சாலை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ராஜ்மோகன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. மேடத்துக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை முடி, பருத்திப் புடவை. வரவேற்றுப் பேசினால் உளறிவிடுவோம் என்று ராஜ்மோகன் பேசவே இல்லை. நாற்காலியைக் காட்டினார். நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள்.

மேடம் உட்காரப் போனவர் பாதியில் நின்றார். மெதுவாக ஒருமுறை, சுமாராக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. மூன்றாவதில் மேடத்தின் வலது கால் தாளம் போட்டது. முடிந்ததும் அவர் கைக்குட்டையை எடுத்தார்.

“எங்க போனாலும் ஒரு கூல்டிரிங்க்ஸ் கொடுப்பாங்க. நீங்க கச்சேரியே பண்ணிட்டீங்க. இது எங்க படத்துக் காலத்துப் பாட்டுதான?”

“ஆமாங்க மேடம்,” என்றாள் தமிழினி.

“தினமும் வாசிப்பீங்களா?”

“ஆறரைக்கு,” என்றார் சுப்புராயன்.

ராஜ்மோகன் பொம்மைகளை மூடியிருந்த துணியை விலக்கினார். மேசைமேல் ஆறு பொம்மைகளும் வெயிலில் மினுங்கின. மேடம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். தமிழினி பொம்மையின் விரல்களைத் தடவினார். அன்புக்கரசி பொம்மையை விரலால் மெல்லத் தட்டினார். கணீர் என்றது. ராஜ்மோகன் மூச்சை விட்டார்.

“இது எனக்கா?” என்றார் மேடம்.

“உங்களுக்கேதான் மேடம்.”

“இவ்வளவு பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல சார். யாரு செஞ்சது?”

பாஞ்சாலை முன்னால் தள்ளப்பட்டாள். மேடம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எங்க ஹால்ல அந்தப் படத்துக்குக் கீழேயே வெக்கிறேன்மா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் எங்க ஹோட்டலுக்கு வந்து வாசிக்கணும். கார் அனுப்பறேன். நாயையும் கூட்டிட்டு வாங்க.”

அன்புக்கரசி கண் கலங்கிவிட்டாள். சுப்புராயன் அந்தச் சந்தோஷத்தில் தம்புராவை ஒரு தட்டுத் தட்டினார், வாலு ஊளையிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். நூறு செட்டுக்கு எத்தனை கிளி வேண்டும் என்று பாஞ்சாலை மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.

அப்போது கார் டிரைவர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, உள்ளங்கை அகலத்தில் ஆறு குழி செய்து வைத்திருந்தார். மேசையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார். ஜன்னலோரம் எட்டிப் பார்த்தார். பிறகு ராஜ்மோகனிடம் வந்து பணிவாகக் கேட்டார்:

“ஐயா, அந்தப் படத்துல வாசிக்கிற பொட்டி மேல ஒரு டீ கப்பு இருக்குமே, அதே மாதிரி செய்யச் சொன்ன ஆறு கப்பையும் எங்க வெச்சிருக்கீங்க?”